நாலாவது ஆள்

பெயின்ட் கம்பெனியில் அவரைக் கலர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தின் வடக்கு ஜன்னலோரத்தில் அவருடைய மேஜை இருக்கிறது. யாராவது ஒரு உடைந்த ஓட்டுச் சில்லையோ, சோபாவிலிருந்து வெட்டிய துணித்துண்டையோ, பழைய கதவில் பெயர்த்த செதிலையோ கொண்டுவந்து வைத்து, இதே நிறம் வேண்டும் என்பார்கள். அவர் பார்ப்பார். வெள்ளை அடிக்கலவையில் கொஞ்சம் மஞ்சள், ஊசிமுனை அளவு கறுப்பு, மனசுக்குப் பட்டால் ஒரு துளி சிவப்பு. அட்டையில் தடவி, காயவைத்து, விளக்குப்பெட்டிக்குள் மாதிரியோடு சேர்த்து வைப்பார். பெட்டியில் மூன்று விளக்குகள். பகல் வெளிச்சம் ஒன்று, கடை வெளிச்சம் ஒன்று, வீட்டு மஞ்சள் வெளிச்சம் ஒன்று. முதல் விளக்கில் அண்ணன் தம்பிபோல இருக்கும் இரண்டு நிறங்கள் மூன்றாவதில் யாரோ எவரோ என்று நிற்கும். அப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கு அதில் சலிப்பு வந்ததில்லை.

திங்கள் முதல் சனி வரை கம்பெனிக்கு. ஞாயிறு காலை மட்டும் அவருக்கு.

நாற்பத்தொரு வயதில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி, "மாத்திரையா, சைக்கிளா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள். அவர் சைக்கிள் வாங்கினார். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க் ஒன்று இருந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கே ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து கிளம்புவார்கள் என்று யாரோ சொல்ல, ஒருநாள் போய் நின்றார். யார், என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருவர் குனிந்து அவருடைய டயரை அழுத்திப் பார்த்து, "காத்து பத்தாது" என்றார். அறிமுகம் அவ்வளவுதான்.

அந்த மனிதருக்குப் பேக்கரி சொந்தம் என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அதற்குள் அவருடைய கெண்டைக்கால் தசை ஒவ்வொன்றும் மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் ஓட்டுவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவர்களுக்குப் பாதிப் பாடுதான். முன்னவர் களைத்ததும் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விடுவார், அடுத்தவர் காற்றுக்கு முன்னால் வருவார். சாலையில் பள்ளம் வந்தால் முன்னவர் கையைத் தாழ்த்திக் காட்டி, "பள்ளம்" என்று கத்துவார். அது வாய்க்கு வாய் தாவிக் கடைசி ஆள் வரை போகும். அங்கே சும்மா இருப்பதுதான் குற்றம். பேச்சும் அப்படியே. நகத்தில் ஒட்டியிருந்த பெயின்டைப் பார்த்த அன்றே அவருக்கு டப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், நீளமான மேம்பாலத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. இறங்கித் தள்ளலாம் என்று நினைத்த நேரத்தில் முதுகின் நடுவில் ஒரு உள்ளங்கை வந்து படிந்தது. பேக்கரிக்காரர் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே, ஒரு கையால் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். உச்சி வந்ததும் கையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நன்றி சொல்வது அங்கே வழக்கமில்லை என்று அவரும் புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ முதுகில் அவர் கை வைத்திருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வருகிறேன், வரவில்லை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிளம்பும் நேரம் ஆறு. வழக்கமான ஆள் ஒருவர் வரவில்லையென்றால் ஐந்து நிமிடம் நிற்பார்கள். காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பேக்கரிக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அதில் ஏதோ கோளாறு இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் வழக்கமான ஆள், யார் இல்லை என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. நிற்கிறார்களா இல்லையா என்பதிலிருந்துதான் தெரியும்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு பச்சை வந்தது.

கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அங்கே பெஞ்சுகளுக்கும் வேலிக்கும் புல்லோடு ஒத்துப்போகும் பச்சை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "நேர்ல வந்து பாருங்க. காலை வெளிச்சத்துல பாத்தாத்தான் சரியா வரும்" என்றார் ஜி.எம். ஒரு ஞாயிறுதானே என்று கலர்க்காரர் நிற அட்டைகளோடு போனார். அன்று ஜி.எம்.முடன் ஆடும் நால்வரில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். நாலு பேர் சேராவிட்டால் கிளப்பே யாரையாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். முன்பின் தெரியாத ஆளோடு நாலு மணி நேரம் நடப்பதை ஜி.எம்.மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சும்மா நில்லுங்க. ஒரு அடி அடிச்சுப் பாருங்க."

கலர்க்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டையைப் பிடித்து அடித்தார். பந்து கோடு போட்டதுபோல நேராகப் போயிற்று. அங்கேதான் மாட்டினார். அதற்குப் பிறகு நாலு மாதத்தில் அவர் அடித்த ஒரு பந்தும் நேராகப் போகவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாலாவது ஆள் நன்றாக ஆட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மற்ற இருவர், ஒரு ஹோட்டல் முதலாளியும் ஒரு வக்கீலும். ஹோட்டல் முதலாளி கம்பெனியிடம் நிறையப் பெயின்ட் வாங்குகிறவர். அங்கே எல்லாருக்கும் எல்லாருடைய வேலையும் பதவியும் முதல் நாளே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார்கள். ஒருவர் அடிக்க நின்றால் மற்ற மூவரும் சிலையாக வேண்டும். நிழல்கூட அவருடைய பந்தின் பாதையில் விழக் கூடாது. காலர் வைத்த சட்டைதான் போட வேண்டும். ஒருவர் பையை இன்னொருவர் தொடுவதில்லை, அவரவர் பையை அவரவர்தான் சக்கரத்தில் வைத்து இழுக்க வேண்டும். வண்டியில் ஏறிச் சுற்றுவது கிடையாது, முழுக்க நடை. அது அந்தக் கிளப்பின் பெருமை. குழிக்குப் பக்கத்தில் பந்து நின்றுவிட்டால் எதிராளி, "எடுத்துக்குங்க" என்பார். போட்டதாகவே கணக்கு. பக்கம் என்றால் எவ்வளவு பக்கம் என்பது ஆளைப் பொறுத்தது. ஜி.எம்.முக்கு ஒரு முழம். ஹோட்டல் முதலாளிக்கும் வக்கீலுக்கும் ஒரு சாண். கலர்க்காரருக்கு விரற்கடை.

பந்து எங்கோ போனால், "காத்து இழுத்துடுச்சு சார்" என்று சொல்ல அவரும் கற்றுக்கொண்டார். இலை அசையாத நாளிலும் சொல்வார். பெட்ரோல் பங்கில் காற்று என்றால் இன்னொருவருக்காக முகத்தில் வாங்குவது. இங்கே அதன்மேல் பழியைப் போடலாம்.

ஜி.எம். தன் காரிலேயே அவரை அழைத்துப் போவார். மரியாதைதான். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஹார்ன் அடிக்கும். ஆறு மூன்றுக்குக் கார் பெட்ரோல் பங்கைக் கடக்கும். அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பேக்கரிக்காரர் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் குனிந்திருப்பார். மற்றவர்கள் கலர்க்காரர் வழக்கமாகச் சைக்கிளில் வரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலர் சட்டையும் அவருமாகக் கார் அவர்களுக்குப் பின்பக்கமாகப் போகும். முதல் தடவை கீழே விழுந்த எதையோ எடுப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

"என்ன விழுந்துச்சு?" என்றார் ஜி.எம்.

"ஒண்ணுமில்ல சார்."

ஜி.எம். வெளிநாடு போன ஒரு ஞாயிறு, இரண்டு மாதம் கழித்து, சைக்கிளோடு பங்குக்குப் போனார். யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் உண்டு. அவள்தான் சைக்கிள் கைப்பிடியில் இருந்த அவர் கைகளைப் பார்த்தாள்.

"என்ன அண்ணா, ஒரு கைக்கு மட்டும் வெயில் படலையா?"

கோல்ஃபில் இடக்கைக்கு மட்டும்தான் உறை. வலது கை கருத்தும் இடது கை வெளுத்தும், இரண்டு வேறு ஆட்களுடைய கைபோல இருந்தன. நிறத்தில் ஊறின மனிதருக்கு அதுவரை அது கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் நேராகப் பேக்கரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். பேக்கரிக்காரர் தட்டில் பன்களை அடுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"அப்ப நாங்க நாலு மணி நேரம் பள்ளத்துக்குப் பயந்து ஓட்டறோம். நீ நாலு மணி நேரம் பள்ளத்தைத் தேடிக்கிட்டு நடக்கறே."

"சிரிக்காதீங்கண்ணே."

"நீ சொல்றதைத்தான் திருப்பிச் சொல்றேன். வரலேன்னு அவர்கிட்ட சொல்லேன்."

"ஜி.எம். அண்ணே அவரு."

"அதான் கேக்கறேன். ராஜாவா?"

கலர்க்காரர் வரிசை விலகியிருந்த ஒரு பன்னை நகர்த்தி வைத்தார். பிறகு, "நான் வரலேன்னா நிக்காதீங்க. பாவமா இருக்கு" என்றார்.

"அது நீ சொல்லி நடக்கற காரியம் இல்ல. நிக்கணும்னு தோணினா நிப்போம்." பேக்கரிக்காரர் தட்டை அடுப்புக்குள் தள்ளி மூடினார். "ரெண்டு மாசத்துல மலை ஏறப்போறோம். மாசத்து முதல் ஞாயிறு. அன்னிக்காவது வந்துடு."

"கட்டாயம் வரேன்."

"வாயால சொல்லிட்டே. பாத்துக்கோ."

வருஷத்தில் ஒருமுறைதான் மலை. போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது. போன வருஷம் கலர்க்காரர் பாதியில் திரும்பிவிட்டார். இந்த வருஷம் உச்சிக்குப் போய்விடுவது என்று இருந்தார். அதைவிட, அன்றைக்கும் போகாவிட்டால் அந்த ஐந்து நிமிடம் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "மோசமா ஆடுங்க. அவங்களே வேண்டாம்னுடுவாங்க."

"மோசமாத்தான் ஆடறேன். அதுக்குத்தானே கூப்பிடறாங்க."

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, இப்ப பிராண்டுதுன்னா?"

"அட்டையோட போனேன். மட்டையைக் கையில குடுத்துட்டாங்க."

"நேரா அடிச்சது யாரு? அன்னிக்கும் வழக்கம்போலக் கோணலா அடிச்சிருக்கலாம்ல?"

மலைக்கு முந்தின ஞாயிறு. ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது சொல்லிவிடுவதென்று கலர்க்காரர் ஒரு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தார். 'சார், அடுத்த வாரத்துலேருந்து என்னால வர முடியாது.' ஒவ்வொரு குழிக்கும் ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். பத்தாவது குழிக்கு வருவதற்குள் அது, 'சார், அடுத்த வாரம் மட்டும்' என்று ஆகியிருந்தது.

பதினான்காவது குழிக்குப் போகிற வழி மேடு. மற்ற வாரங்களில் அந்த நேரத்தில் கலர்க்காரர் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருப்பார், அன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பாதி மேட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஜி.எம். நின்றார். ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தார். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. மூச்சு மேலேயே தங்கி, கீழே இறங்க மறுத்தது. ஹோட்டல் முதலாளியும் வக்கீலும் வலப்பக்கத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலர்க்காரர் மூளையைக் கேட்கவில்லை. கை போய்விட்டது. ஜி.எம்.மின் முதுகு நடுவில் உள்ளங்கையை வைத்து, மெல்ல, சீராகத் தள்ளினார். ஜி.எம். நாலடி ஏறினார். இன்னும் நாலடி. மேல்மட்டம் வந்ததும், வழக்கப்படி, கையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார் கலர்க்காரர்.

பத்து அடி போன பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

மிச்சமிருந்த குழிகளில் ஒருவரும், "நல்ல அடி" என்றுகூடச் சொல்லவில்லை. தேநீருக்கு உட்காராமலே கிளம்பினார்கள். காரில் ஜி.எம். ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். வாசலில் இறங்கும்போது கலர்க்காரர், "சார்" என்றார். ஜி.எம். தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் வந்த கலர்க்காரர் முதலில் வேலை போய்விட்டது என்றே நினைத்தார். சட்டையைக் கழற்றும்போது வேறொன்று தோன்றியது. இனிக் கூப்பிட மாட்டார்கள். தயார்செய்த வாக்கியத்தைச் சொல்லவே வேண்டாம்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜி.எம்.மையா? தள்ளினீங்களா? பங்க்சரான வண்டியைத் தள்ற மாதிரியா?"

அவரும் சிரித்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த சைக்கிளை எடுத்துத் தூசி தட்டி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூச்சு எப்படி வாங்கினாரு?"

அவர் செய்து காட்டினார். நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை ஜி.எம். ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் மாதிரி எதுவும் இல்லை. கதவைச் சாத்தினார். மேஜைமேல் கிடந்த இரண்டு வெளிர் மஞ்சள் அட்டைகளை எடுத்து விளக்குப்பெட்டிக்குள் வைத்து, விளக்கை மாற்றி மாற்றிப் போட்டார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்." மனைவியை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"ரெண்டு வருஷமா அந்த மேட்டுல இப்படி ஆகுது. அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மரத்தைப் பாப்பாங்க. நான் கயிறு கட்டுவேன். நாகரிகமாத்தான் போயிட்டிருந்துது."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சைக்கிள்ல அது பழக்கம். கை தானாப் போயிடுச்சு."

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நடங்க, மேடு மட்டும் வேண்டாம்னாரு. மேடு இல்லாம பதினாலாவது எங்க இருக்கு?" ஜி.எம். கடை வெளிச்சத்தைப் போட்டார். "நிறுத்திட்டா ஏன்னு கேப்பாங்க. ஹோட்டல்காரர் கேட்டா ஊரே கேட்ட மாதிரி. அடுத்த வாரமே என் நாற்காலிக்கு ஆள் பாப்பாங்க."

பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய மனிதர் வேறு விளக்கில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க தள்ளினப்ப ஏறிட்டேன்" என்றார் ஜி.எம். "கேக்கறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நீங்க இருந்தீங்கன்னா ஏறிடுவேன்."

"சார், இந்த ஞாயித்துக்கிழமை மட்டும்..."

"என்ன இருக்கு?"

"சைக்கிள் சார். எல்லாரும் மலைக்குப் போறோம். வருஷத்துல ஒரு தடவைதான்."

ஜி.எம். நிஜமாகவே யோசித்தார். அதுதான் கலர்க்காரருக்குத் தாங்கவில்லை. அதிகாரம் செய்திருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டித் தீர்த்திருக்கலாம்.

"மலை எங்கயும் போயிடப்போறதில்ல" என்றார் ஜி.எம்., அன்பாகத்தான். "இந்த வாரம் கிளப் தலைவர் நம்மகூட நடக்க வரேன்னிருக்காரு."

விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அட்டைகள் இரண்டும் பெட்டிக்குள் கிடந்தன.

அன்று சாப்பிடும்போது மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "புலிவாலைப் பிடிச்ச கதைன்னு நெனச்சேன். இங்க புலிதான் உங்க கையைப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"போக வேண்டாம்னு சொல்லு. உன் பேரைச் சொல்லிட்டு நின்னுடறேன்."

"சொல்ல மாட்டேன். அந்த மூச்சு நல்ல மூச்சு இல்ல. கை வச்சுட்டீங்க, எடுக்க முடியாது. போங்க."

சனிக்கிழமை பேக்கரிக்குப் போனார். கூட்டம் இருந்தது. தன் முறை வந்ததும், ரொட்டி கேட்பதுபோல, "நாளைக்கு என்னால முடியாதுண்ணே. நிக்காதீங்க" என்றார். பேக்கரிக்காரர் அவரை ஒரு நொடி பார்த்தார். பள்ளம், ராஜா என்று ஏதாவது வரும் என்று கலர்க்காரர் எதிர்பார்த்தார்.

"சரி" என்றார் பேக்கரிக்காரர். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

மறுநாள் ஆறு மூன்றுக்குக் கார் பங்கைக் கடந்தது. கலர்க்காரர் குனியவில்லை. அங்கே யாரும் இல்லை. பெட்ரோல் போடுகிற ஆள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். ஆறு அடித்ததும் கிளம்பியிருக்கிறார்கள்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர்களைக் கார் எட்டிப் பிடித்தது. ஒன்பது முதுகுகள். நடுவில் எங்கும் இடைவெளி இல்லை. கடைசியில் டீச்சர், எல்லாருக்கும் முன்னால் காற்றுக்கு முகம் கொடுத்துக்கொண்டு பேக்கரிக்காரர். அவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் குரல் கேட்கவில்லை. வரிசை முழுக்க ஒரே நூலில் கட்டியதுபோல வளைந்து பள்ளத்தைத் தாண்டியது. காரின் இடது சக்கரம் அதே பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"இவங்கதானா?" என்றார் ஜி.எம்.

"ஆமா சார்."

"நல்லாத்தான் ஓட்டறாங்க." வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, அவர்களுக்கு இடம் விட்டுக் கடந்தார். கலர்க்காரர் பக்கத்துக் கண்ணாடியில் அவர்கள் சின்னதாகிக்கொண்டே வந்தார்கள். சாலை பிரியும் இடத்தில் கண்ணாடி காலியாயிற்று.

அன்று நாலு பேர் அல்ல, கிளப் தலைவரோடு ஐந்து பேர். கலர்க்காரரின் பந்து மூன்று முறை புதருக்குள் போயிற்று. காற்று இழுத்துவிட்டது என்று மூன்று முறையும் சொன்னார். பதினான்காவதற்கு முன்னால் ஜி.எம். சத்தமாக, "நீங்கள்லாம் முன்னால போங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு கலர் விஷயம் பேசிக்கிட்டு வரோம்" என்றார். தலைவர் தலையாட்டிவிட்டு நடந்தார். ஹோட்டல் முதலாளியும் வக்கீலும் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். போகிற போக்கில் இருவரும் மரங்களைப் பார்த்தார்கள்.

ஜி.எம். மேட்டின் அடியில் நின்றார். கயிறு கட்டக் குனியவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கை வரும் என்று தெரிந்த முதுகாக நின்றார்.

கலர்க்காரர் இடக்கையின் உறையைக் கழற்றிப் பையில் போட்டார். வலக்கையால் தன் பையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வெளுத்த உள்ளங்கையை அந்த முதுகின் நடுவில் வைத்தார். சட்டை ஏற்கெனவே நனைந்திருந்தது.

"மெதுவா சார்" என்றார்.

இருவரும் ஏற ஆரம்பித்தார்கள்.